ஏழைக்குக் கட்டிய சுவர்கள்

2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. குறைந்த வாடகைச் சமூக வீடுகளில் ஈரக்கசிவோ பூஞ்சையோ கடுமையாக இருந்தால், நிர்வாகம் 10 வேலை நாள்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்திற்குள் ஆபத்தை நீக்க வேண்டும். 2020-இல் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த 2 வயதுக் குழந்தை இறந்ததே இச்சட்டத்தின் தொடக்கம். தந்தை முன்பே முறையிட்டிருந்தார். ஆனால் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று நிர்வாகம் ஊகித்துக்கொண்டது.

ஏழையின் சொல்லை நம்பாத இந்த மனநிலை புதியதன்று. விக்டோரியா அரசியார் காலத்தில் இலண்டனில் எழுந்த அறக்கட்டளைக் குடியிருப்புகளின் சுவர்களிலேயே அதை நாம் காணலாம்.

அமெரிக்க வங்கியாளர் ஜார்ஜ் பீபாடி, 1862-இல் இலண்டன் ஏழைகளுக்காக 1,50,000 பவுண்டு கொடுத்தார். மதமோ அரசியலோ பார்க்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தார். அக்காலத்தில் இது பெரிய மனது. முதல் கட்டடம் 1864-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஹென்றி டார்பிஷர், அடுத்து வந்த குடியிருப்புகளில், நடுவே திறந்த முற்றம் விட்டுச் சுற்றிலும் அடுக்குமாடிகளை நிறுத்தினார். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பிய காலம் அது. ஆகவே காற்றும் வெளிச்சமும் தாராளம். துணி துவைக்கவும் இடம் இருந்தது. சந்து வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்!

ஆனால் உட்சுவர்களுக்குப் பூச்சு இல்லை. மூட்டைப்பூச்சி ஒளிந்துகொள்ளும் என்பது காரணம். சுவரில் காகிதம் ஒட்டி அழகுபடுத்தவும் தடை. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வீட்டுக்குள் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு அருகே பொதுவாக இருந்தன. செலவும் குறைவு, மேற்பார்வையாளர் சோதிப்பதும் எளிது. இரவு 11 மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும். வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1850-லேயே ஹென்றி ராபர்ட்ஸ் என்பவர், ஸ்ட்ரீதம் தெருவில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கழிப்பறை வைத்திருந்தார்.

வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பதால், நிலையான கூலி உள்ளவர்களே உள்ளே வர முடிந்தது. அன்றாடம் வேலை தேடித் துறைமுக வாசலில் நின்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். 1884-இல் தொழிலாளர் வீட்டுவசதியை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில், நம் திருச்சபையின் கர்தினால் மேனிங்கும் உறுப்பினராக அமர்ந்தார். கூலிக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியை அந்த விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளி வாழப் போதிய கூலி நீதியின் கடமை என்றார். தர்மம் கொடுத்துவிட்டு ஒழுக்கச் சான்று கேட்கும் வழக்கத்துக்கு இது மாற்றான பாதை என்றே நாம் கருதுகிறோம்.

பீபாடி அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது; ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் அதன் பொறுப்பில் உள்ளன. பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், இப்போது கழிப்பறை வீட்டுக்குள்ளேயே உண்டு. புதிய சட்டம் இவ்வீடுகளையும் கட்டுப்படுத்தும். அதன்படி, ஆபத்து நிர்வாகத்துக்குத் தெரியவந்த நேரத்திலிருந்தே அந்த 24 மணி நேரம் எண்ணப்படுகிறது. குடியிருப்பவர் தொலைபேசியில் சொன்னாலும் போதும்.