போஷாக்கு யோசனை யாரிடம் கேட்பது?

அருப்புக்கோட்டை வட்டாரத்திலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தமது சிக்கன நிதியிலிருந்து முன்பணம் கோரியிருந்ததைக் கண்டேன். காரணம் மருத்துவச் செலவு என்றிருந்தது. விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அவருடைய மனைவிக்கு ரத்தசோகை. போஷாக்கு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தெருவுக்கு வந்த ஒருவர், மாவு டப்பாக்கள் சிலவற்றை விற்றுச் சென்றிருக்கிறார். மூன்று மாதம் உண்டும், தார் சுற்ற உட்கார்ந்தால் அந்த அம்மாளுக்குத் தலை சுற்றுவது நிற்கவில்லை. “புலால் உண்ணாத குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு ஏற்ற ஆகாரம் எது என்று யாரைக் கேட்பது, ஐயா?” என்று அவர் வினவினார். அவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

முதலில் செய்யவேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதிப்பதேயாகும். ரத்தசோகைக்கு மருந்து கூறவேண்டியவர் மருத்துவர். அதன் பின்னரே ஆகார யோசனை. அதைக் கூறத் தகுதியுடையவர் யார்? உணவியல், சத்துணவியல் பாடங்களில் முறையாகப் பட்டம் பெற்றவர். 1963-இல் தோன்றிய இந்திய உணவியல் சங்கம் தேர்வு நடத்திப் பதிவு பெற்ற உணவியலாளர் என்ற தகுதியை வழங்குகிறது. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமொன்றும் இவர்களைச் சுகாதாரத் தொழிலினர் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஆகவே, ‘தாங்கள் படித்தது என்ன? பதிவு உண்டா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. மூன்றாவது கேள்வியும் உண்டு: ‘தாங்கள் ஏதேனும் விற்கிறீர்களா?’ சரக்கை விற்பவரே தராசையும் பிடித்தல் கூடாது என்பதைக் கூட்டுறவாளர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

போஷாக்கு ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. 1918-இல் குன்னூரில் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், உடலை வளர்க்கப் புரதப் பொடிகளை நாடுதல் வேண்டா என்று அறிவுறுத்தியிருக்கிறது. நாளொன்றுக்கு ஆடவருக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தும் பெண்டிருக்கு 29 மில்லிகிராமும் வேண்டுமென்பது அதே நிறுவனத்தின் கணக்கு. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மார்களுக்கே தேவை அதிகம் என்பதை ஆடவர் கவனிப்பாராக.

நமது கரிசல் பூமி இவ்விஷயத்தில் ஏழையன்று. குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, எள், நிலக்கடலை யாவும் இங்கு விளைகின்றன. தானியத்தோடு பருப்பும், கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காயும் சேர்ப்பது நலம். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். பி-12 என்னும் வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லையாதலால், சைவ உணவினர்க்குப் பாலும் தயிரும் அவசியம்.

ஆயினும் இவை பொது விதிகள். நீரிழிவுடைய நெசவாளி, கர்ப்பிணி, இளைத்த குழந்தை ஆகியோர்க்குத் தனித்தனி யோசனை வேண்டும். அதற்காக மதுரை செல்வதென்றால் பஸ் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம் என மூன்று செலவுகள். தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ சங்கம்?

என் யோசனை இது. அண்டையிலுள்ள நான்கைந்து நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து, தகுதி பெற்ற உணவியலாளர் ஒருவரை மாதம் ஒருமுறை வரவழைக்கலாம். சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் அளவில், பொது நலத்துக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து அவருக்குக் கட்டணம் தரலாம். அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், மனையியல் போதிக்கும் காந்திகிராமம் போன்ற ஸ்தாபனங்களையும் அணுகித் தக்கவரைக் காட்டும்படி கேட்கலாம். இதற்குச் செலவில்லை.

“துணி நெய்வதும் கடன் கொடுப்பதும் சங்கத்தின் வேலை, சமையலறையில் அதற்கென்ன வேலை?” என்று சில டைரக்டர்கள் கேட்கக்கூடும். சமுதாய நலனில் அக்கறை கூட்டுறவுக் கோட்பாடுகளுள் ஒன்றென 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் வகுத்துள்ளது. அது போகட்டும், நமது கணக்கையே பார்ப்போம். தார் சுற்றும் கை தளர்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் தவணையும் நிற்கும். மற்றொரு லாபமும் உண்டு. திருச்சுழிப் பக்கத்து விவசாயியின் குதிரைவாலியும் உளுந்தும் வியாபாரி கைக்குப் போகாமல், சங்கத்தின் மூலமே நெசவாளர் வீட்டுக்கு வந்து சேரலாம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் ஒருவர் எழுந்து இத்தீர்மானத்தைக் கொணர்வாராக. மாவு டப்பாவுக்குச் சிக்கன நிதியைக் கரைக்கும் மனு இனியொன்று என் பார்வைக்கு வராதிருக்க நிர்வாகக் குழுவினர் ஆவன செய்வார்களாக.