வினாடிக்கு எத்தனை படம்?

முகப்பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமோ? 'மகப்பேறு' என்பதுதான் நாளடைவில் முகப்பேர் ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் சந்தான சீனிவாசப் பெருமாளிடம் பிள்ளை வரம் வேண்டி இன்றைக்கும் தம்பதிகள் வருகிறார்கள். பெருமாள் வரம் கொடுப்பதோடு ஒதுங்கிக் கொள்கிறார். அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்லூரிக்குப் போய், "அம்மா, எனக்கு 32 அங்குல மானிட்டர் வேண்டும், 240 ஹெர்ட்ஸ்!" என்று கேட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அவர் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

அந்தப் பொறுப்பு போன மாதம் என் தலையில் விழுந்தது. முகப்பேர் மேற்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தையல் வருமானத்தில் மாதாமாதம் சீட்டுக் கட்டி, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் எடுத்திருக்கிறார். பையன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "எல்லாப் பாடத்திலும் தேறினால் நீ கேட்பதை வாங்கித் தருகிறேன்" என்று அம்மா வாக்குக் கொடுத்தாராம். பையன் தேறிவிட்டான். இப்போது அவன் காட்டும் மானிட்டரின் விலை, சீட்டுப் பணத்தை அப்படியே விழுங்கிவிடும் போலிருக்கிறது. "ஹாலில் 43 அங்குல டி.வி. இருக்கிறதே, அதில் ஆடட்டும், ஒரு பைசா கூடக் கூடாது" என்கிறாராம் வீட்டுக்காரர். கடிதத்தின் கடைசியில், ஏதோ நினைத்துக்கொண்டாற்போல, ஒரு வரி: "அந்தப் பணத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று இருந்தேன். பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'தான் என்னை ஞாயிற்றுக்கிழமை முகப்பேர் பஸ்ஸில் ஏற்றியது.

விலாசத்தைக் கண்டுபிடித்துப் போனேன். காப்பி வந்தது. பையனுடைய அறையைப் பார்த்தேன். பத்தடிக்கு எட்டடி. அதில் ஒரு கட்டில், இரண்டடி ஆழமுள்ள மேஜை, ஜன்னலோரம் அம்மாவின் தையல் இயந்திரம். மேஜை மேல் 19 அங்குலப் பழைய மானிட்டர்.

முதலில் இந்த ஹெர்ட்ஸ் சமாசாரத்தைப் பார்ப்போம். சினிமா என்பது அசையாத படங்களின் வரிசைதான். வினாடிக்கு 24 படங்களை ஓட்டினால், கதாநாயகி நடப்பதாக நம் கண் நம்பிவிடுகிறது. மானிட்டரும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது. 144 என்றால் 144 தடவை. சினிமாவில் நாம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறோம்; அதற்கு 24 போதும். விளையாட்டிலோ, ஆடுகிறவன் கையை அசைத்தால் திரையில் உடனே அசைய வேண்டும். எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்துவிட்டால் ஆட்டம் போயிற்று.

ஆகவே, பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கும் இருக்கிறது, பாருங்கள். ஒரு வினாடியை ஆயிரம் பங்காகப் போடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 17 பங்கு இடைவெளி. 144-ல் அது 7 பங்காகக் குறைகிறது. லாபம் பத்து, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 144-லிருந்து 240-க்குப் போனால் 7 என்பது 4 ஆகிறது. லாபம் மூன்றுதான்! முதல் படி ஏறக் கொடுக்கும் காசுக்குப் பலன் ஜாஸ்தி. அடுத்த படியில் காசு ஜாஸ்தி, பலன் கொஞ்சம். போட்டியில் ஆடிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு அந்த மூன்றும் வேண்டியிருக்கலாம். பொழுதுபோக்காக ஆடுகிற பிள்ளைக்கு 144-லிருந்து 180 வரைக்கும் தாராளம்.

"இந்த விளையாட்டெல்லாம் சூதாட்டம் இல்லையே?" என்று அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டார். நியாயமான பயம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் முன்னதைத் தடை செய்து, 'இ-ஸ்போர்ட்ஸ்' என்னும் போட்டி விளையாட்டைத் தனியாக அங்கீகரித்திருக்கிறது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் இது காட்சிப் போட்டியாக நடந்தது. குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா அதில் வெண்கலம் பெற்றார். 2023-ல் ஹாங்சோவில் பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது. அவ்வளவு ஏன், பக்கத்துப் பாடியைச் சேர்ந்த பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில், 16 வயதில், இணைய வழியே நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டியில் உலக சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்தாரே! 2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கமும் சேர்ந்துவிட்டது. என்ன ஒன்று, சதுரங்கத்துக்கு 60 ஹெர்ட்ஸே போதும். குதிரை அங்கே நிதானமாகத்தான் தாண்டுகிறது.

"டி.வி. போதாதா?" என்று வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு விவாதத்துக்கு வந்தார். இரண்டு காரணம் சொன்னேன். சாதாரண டி.வி. பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான். அதோடு, வருகிற படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காக அது கொஞ்சம் தாமதிக்கும். சீரியல் பார்க்கும்போது அந்தத் தாமதம் தெரியாது, ஆடுகிறவனுக்குத் தெரியும். 'கேம் மோட்' என்று ஒன்று இருந்தால் போட்டுக் குறைக்கலாம்; முழுக்கப் போகாது. மூன்றாவது காரணத்தை அவர் மனைவியே சொன்னார்: "அவன் ஹாலில் ஆடினால் நீங்க நியூஸ் பார்க்கிறது எங்கேங்க?" அத்தோடு டி.வி. யோசனை கைவிடப்பட்டது.

அடுத்தது அளவு. இங்கேதான் அந்தச் சகோதரியின் தொழில் கை கொடுத்தது. 27 அங்குலம், 32 அங்குலம் என்பதெல்லாம் மூலைக்கு மூலை எடுத்த அளவு. அகலமும் உயரமும் வேறு. 27 என்றால் சுமார் 23½ அங்குல அகலம், 13 உயரம். 32 என்றால் சுமார் 28 அகலம், 15¾ உயரம். ஐந்து அங்குலந்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. "எழுதிக் காட்டினால் புரியாது, வெட்டிக் காட்டுங்கள்" என்றேன். அவர் டேப்பை எடுத்தார், பழைய செய்தித்தாளில் கோடு போட்டார், கத்தரிக்கோல் சரசரவென்று ஓடியது. இரண்டு நிமிஷத்தில் இரண்டு காகிதத் திரைகள் தயார்!

பெரியதைச் சுவரில் ஒட்டி, பையனை நாற்காலியில் உட்கார வைத்தோம். மேஜை ஆழம் இரண்டடி. முகத்துக்கும் திரைக்கும் அதற்கு மேல் இடமில்லை. "இடது மூலையில் வரைபடம் இருக்கும், வலது மூலையில் தோட்டாக் கணக்கு இருக்கும் என்றாயே, இரண்டையும் பார்" என்றேன். கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிற்று. சின்னதை ஒட்டினோம். கண் மட்டும் நகர்ந்தது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "27 போதும்மா" என்றான்.

புள்ளிக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. படம் என்பது புள்ளிகளால் ஆன கோலம். 1920-க்கு 1080 என்கிற புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் விழும். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்து சொரசொரவென்று இருக்கும். 2560-க்கு 1440 என்றால் அங்குலத்துக்கு 109. அந்தத் தூரத்துக்கு அழகான நெருக்கம். '4கே' எனப்படும் 3840-க்கு 2160 இன்னும் நெருக்கம். ஆனால் அது 1440-ஐப் போல 2¼ மடங்கு புள்ளி. அத்தனை புள்ளியையும் வினாடிக்கு 240 தடவை போடுவது யார்? மானிட்டர் அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அது கோலம் போடுகிறவள் மாதிரி. மானிட்டர் வாசல் மாதிரி. வாசலை அகலமாக்கிவிட்டால் கை வேகமாகிவிடுமா? பையனுடைய கார்டு, அவனே காட்டிய கணக்குப்படி, அவன் ஆடும் ஆட்டத்தில் 1440-ல் சுமார் நூறு படங்கள் கொடுக்கும். அதற்கு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது, மாட்டு வண்டிக்கு விமான தளம் கட்டுகிற கதைதான்.

கார்டு கொடுக்கும் படங்கள் ஒரு சமயம் 90, ஒரு சமயம் 110 என்று ஏறி இறங்கும். அப்போது திரை கிழிந்தாற்போலத் தெரியும். திரையின் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதிக்கு 'ஜி-சிங்க்', 'ஃப்ரீ-சிங்க்' என்று பெயர். பெட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

திரைக்குள் இருக்கும் பலகையிலும் ஜாதி பேதம் உண்டு. 'ஐ.பி.எஸ்.' நிறம் நேர்த்தி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாறாது. இருட்டுக் காட்சியில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். 'வி.ஏ.' கறுப்பு நல்ல கறுப்பு. இருட்டில் ஓடும் உருவங்கள் சில மாடல்களில் மை பூசினாற்போல இழுபடும். 'ஓலெட்' மிகப் பிரமாதம், விலையும் பிரமாதம். அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் நாளடைவில் தழும்பு விழும் அபாயமும் உண்டு. பகலில் பாடம், இரவில் ஆட்டம் என்கிற வீட்டுக்கு ஐ.பி.எஸ். பொருத்தம். அந்த அறை ஜன்னல் மேற்கே பார்த்தது. மாலை வெயில் நேரே அடிக்கும். ஆகவே கண்ணாடி போல் பளபளக்கும் திரை வேண்டாம், மங்கல் பூச்சுத் திரையே சரி என்றேன்.

பெரிய திரை என்றால் வரி ஜாஸ்தி என்று யாரோ சொன்னதாக வீட்டுக்காரர் கேட்டார். 2025 செப்டம்பர் 21 வரையில் அது உண்மை. 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. இருந்தது. மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் 18தான். மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு மானிட்டர் சுமார் 40 வாட். தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் ஆட்டத்தின்போது கம்ப்யூட்டர் பெட்டி 300 வாட் இழுத்தால், அதே கணக்கில் 72 யூனிட்! இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் நல்ல பங்கு அங்கேயே போய்விடும். திரையைக் குறை சொல்லாதீர்கள், பெட்டியைக் கவனியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை தாயும் மகனும் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். 27 அங்குலம், 1440, 180 ஹெர்ட்ஸ், ஐ.பி.எஸ். அவன் முதலில் காட்டிய விலையில் பாதிக்கும் குறைவு. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, உத்தரவாதச் சீட்டில் தேதி போட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். அப்படியே செய்தார்களாம்.

இனி ஒரு வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என் தம்பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, "ஆகா, என்ன வேகம்!" என்று எட்டு மாதம் புகழ்ந்து கொண்டிருந்தான். ஒரு நாள் பார்த்தால் அது 60-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது! மானிட்டர் மாட்டினால் மட்டும் போதாது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று உள்ளே போய் எண்ணை மாற்ற வேண்டும். கூடவே வரும் டிஸ்பிளே போர்ட் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டிலேயே செருக வேண்டும். அதற்கு மேலே இருக்கும் சாதாரண துளையில் செருகினால் வாங்கிய கார்டு வேலையில்லாமல் தூங்கும்.

சாமான் வந்துவிட்டது என்பதற்காகச் சாப்பாட்டு வேளை மாறக்கூடாது. கண்ணுக்கு ஒரு சுலப விதி உண்டு: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது, 20 வினாடி பார்ப்பது. அந்த அறையில் 20 அடி ஏது? ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

நான் புறப்படும்போது நடந்தது ஒன்று பாக்கி. பையன் வாசல் வரை வந்தான். "ஆன்ட்டி, அம்மா உங்களுக்கு எழுதின லெட்டரில் ஓவர்லாக் மெஷின் பற்றி எழுதியிருந்தாங்களா? எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லை" என்றான். நான் என்ன சொல்வது? "நீ கேட்கவில்லை போலிருக்கிறது" என்றேன். சுருக்கென்று பட்டிருக்கும்; படட்டும் என்றுதான் சொன்னேன்.

சகோதரிகளே, குழந்தைகள் கேட்பதை 'கூடாது' என்று தள்ளிவிடுவது சுலபம். 'பரவாயில்லை' என்று கொடுத்துவிடுவது அதைவிடச் சுலபம். உட்கார்ந்து அளவெடுப்பதுதான் சிரமம். ஆனால் அளவெடுத்த பிற்பாடுதானே துணியும் மிஞ்சுகிறது, ரவிக்கையும் சரியாக உட்காருகிறது? உங்களுக்கு வேண்டியதையும் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள். அவர்களுக்கும் கணக்குத் தெரியட்டும்.

நேற்று அந்தச் சகோதரியிடமிருந்து மறுபடியும் தகவல் வந்தது. ஓவர்லாக் மெஷின் வந்துவிட்டதாம். ரிச்சி தெருவில் பேரம் பேசியது அம்மா. மெஷின் கடையில் பேரம் பேசியது பையனாம்! அந்த 32 அங்குலக் காகிதம் என்னவாயிற்று என்று கேட்டேன். "அதை வீணாக்குவேனா? இரண்டு கைக்கு மாதிரி வெட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.