படம் ரெடி! திரை எங்கே?

கறுப்பர் பட விழாக்களுக்குப் பின்னால் 100 வருஷப் போராட்டம்

பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு படம். எடுத்தவர் சார்லஸ் பர்னெட் என்ற கறுப்பு வாலிபர். இடம்: அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியின் குடும்பக் கதை. பெயர் 'கில்லர் ஆஃப் ஷீப்'.

1977-ம் ஆண்டு படம் ரெடி. தியேட்டருக்கு வந்தது எப்போது தெரியுமா? 2007-ல்! முப்பது வருஷம் பெட்டிக்குள்ளே முடங்கிக் கிடந்தது.

பரிசு உண்டு, ரிலீஸ் இல்லை

படம் மோசமா என்றால், அதுவும் இல்லை. 1981-ல் பெர்லின் பட விழாவில் விமர்சகர் பரிசு. 1990-ல் நாடு பாதுகாக்க வேண்டிய படங்களின் அரசுப் பட்டியலிலும் இடம். பிறகு என்ன தடை?

பாட்டு! படத்தில் வரும் இசைத்தட்டுப் பாட்டுகளுக்கு உரிமைத் தொகை கட்டப் பணம் இல்லை. கடைசியில் அதற்கு ஆன செலவு சுமார் ஒன்றரை லட்சம் டாலர். படம் எடுத்த காசைப் போல 15 மடங்கு! கல்லூரிப் படிப்புக்காக எடுத்த படம் அது. பின்னால் நின்று பணம் கட்ட ஒரு கம்பெனி இருந்திருந்தால் பெட்டி அப்போதே திறந்திருக்கும்.

ஊர் ஊராகப் போன பெட்டி

இந்த வியாதி பழசு. ஆஸ்கர் மிச்சோ என்ற கறுப்பர் விவசாயம் பார்த்தவர். கதைப் புத்தகம் எழுதி வீடு வீடாக விற்றவர். குடியானவர்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1919-ல் முதல் படம் எடுத்தார். படப்பெட்டியையும் அவரே ஊர் ஊராகச் சுமந்தார்.

அந்த நாளில் பல தியேட்டர்களில் கறுப்பருக்கு மாடியில்தான் இடம். சில இடங்களில் நடுராத்திரிக் காட்சி மட்டும். மிச்சோ 1920-ல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' காணாமலே போச்சு. 1970-களில் ஸ்பெயின் நாட்டில் ஒரு பிரதி கிடைத்ததால் தப்பியது.

கலவர நகரில் இலவசக் காட்சி

1967 ஜூலை. நெவார்க் நகரில் ஒரு கறுப்பு டாக்சி டிரைவரைப் போலீசார் அடித்து நொறுக்கினர். ஊரே பற்றி எரிந்தது. 26 பேர் பலி!

ஏழு வருஷம் கழித்து, 1974-ல், அதே ஊர் அருங்காட்சியகத்தில் கறுப்பர் பட விழா தொடங்கியது. டிக்கெட் கிடையாது. யாரும் வரலாம். படம் முடிந்ததும் உட்கார்ந்து விவாதம். அமெரிக்காவில் நீண்ட காலமாக நடந்து வரும் கறுப்பர் பட விழா இதுதான்.

1992-ல் லாஸ் ஏஞ்சல்சில் இன்னொரு விழா. அதைத் தொடங்கியவர்களில் நடிகர் டேனி குளோவரும் ஒருவர். 2012-ல் பிலடெல்பியாவில் 'பிளாக்ஸ்டார்' விழா.

தர்மமா, வியாபாரமா?

கணக்கைப் பாருங்கள். மெக்கின்சி நிறுவனம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க மக்களில் கறுப்பர் சுமார் 13 சதவீதம். ஆனால் சினிமாவில் எழுதுவோர், டைரக்டர், தயாரிப்பாளர்களில் 6 சதவீதம்கூட இல்லை. இந்தப் பாகுபாட்டைச் சரி செய்தால் சினிமாவும் டெலிவிஷனும் வருஷத்துக்கு 1,000 கோடி டாலர் கூடுதலாகச் சம்பாதிக்கலாமாம்! ஆக, கதவைச் சாத்தி வைத்ததில் கல்லாப்பெட்டிக்கும் நஷ்டம்.

2015, 2016 இரண்டு வருஷமும் ஆஸ்கர் நடிப்புப் பரிசுக்குத் தேர்வான 20 பேருமே வெள்ளையர். உலகமே கேலி பேசிய பிறகுதான் ஆஸ்கர் சங்கம் புது உறுப்பினர்களைச் சேர்க்க விழித்துக்கொண்டது.

விழா முடிஞ்ச பிறகு?

இங்கேதான் சிக்கல். விழாவில் கைதட்டல் பலமாகத்தான் இருக்கும். மறுநாள் தியேட்டரில் ஓடுவது வேறு படம்! கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்குக் கைதட்டல் சோறு போடுமா?

இதற்கு வழி காட்டியவர் ஏவா டுவெர்னே என்ற பெண். சினிமா விளம்பர வேலை பார்த்தவர். 2010-ல் பல ஊர் கறுப்பர் பட விழாக்காரர்களை ஒன்று சேர்த்தார். "கூட்டம் உங்களிடம் இருக்கு, படம் எங்களிடம் இருக்கு" என்பதுதான் அவர் போட்ட கணக்கு. 50 ஆயிரம் டாலரில் தாம் எடுத்த 'ஐ வில் ஃபாலோ' படத்தை 2011-ல் இந்த வழியிலேயே தியேட்டர்களில் ஓட்டினார். அடுத்த வருஷமே சன்டான்ஸ் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு! அதை வாங்கிய முதல் கறுப்புப் பெண் அவர்தான். பிறகு அவர் எடுத்த 'செல்மா' ஆஸ்கர் வரை போனது.

விழா நடத்த நன்கொடை வேண்டும். கொடுப்பவர் கையை இழுத்துக்கொண்டால் விழா படுத்துவிடும். டிக்கெட் வாங்குகிற ஜனம் அப்படியில்லை. படம் பிடித்தால் திரும்ப வரும். ஆகவே எந்த விழாவானாலும், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கே பார்த்த படம் அடுத்த வெள்ளிக்கிழமை தியேட்டரில் ஓடுதா? அதைக் கேட்க வேண்டும்.