வாயைக் கட்டினால் போதுமா?

"வாயைக் கட்டு, உடம்பு தானா இளைச்சிடும்!"

உடம்பு பெருத்தவர்கள் தினமும் கேட்கும் இலவச உபதேசம் இது. பசி என்பது நாக்கின் சபலம், மன உறுதி இருந்தால் அடங்கிவிடும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. சொல்பவருக்குச் சுலபம். ஆனால் உண்மை அவ்வளவு சுலபமில்லை.

பசியைப் பெருமளவு நிர்வகிப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அங்கே "போதும்" என்று சொல்லும் நரம்பணுக்களும் உண்டு, "இன்னும் கொண்டா" என்று கேட்கும் நரம்பணுக்களும் உண்டு. செரோடோனின் 2சி என்ற ஏற்பி வழியாக முதல் கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. 1பி என்ற ஏற்பி வழியாக இரண்டாவது கூட்டத்தை அடக்குகிறது. இந்தப் பூட்டுகளில் ஒன்று கெட்டால்?

1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 2சி ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் அதிகம் தின்று பெருத்தன. அந்த எலிகளுக்கு மன உறுதி போதவில்லை என்பார்களா?

எலியை விடுங்கள், மனிதருக்கு வருவோம். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஓலன்சபின், க்ளோசபின் மாத்திரைகள் இந்த 2சி ஏற்பியையும், ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியையும் அடைக்கின்றன. பலருக்குப் பசி பிடுங்கித் தின்கிறது, எடை ஏறுகிறது. நேற்று வரை அளவாகச் சாப்பிட்டவர் இன்று திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டாரா? வீட்டில் திட்டு, வெளியில் கேலி. எடைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஒரு கேலிப்பேச்சின் விலை இவ்வளவு!

"அப்படியானால் அந்தப் பூட்டைத் திறக்க ஒரு மாத்திரை போடலாமே?" அதையும் செய்து பார்த்தாயிற்று. அமெரிக்காவில் செரோடோனினைப் பெருக்கும் ஃபென்ஃப்ளூரமினை லட்சக்கணக்கானோர் விழுங்கினார்கள். பசி அடங்கியது உண்மை. ஆனால் செரோடோனினுக்கு இதய வால்விலும் 2பி என்று ஒரு ஏற்பி இருக்கிறதே! வால்வுகள் தடித்துக் கெட்டன. 1997-ல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. பிறகு 2சி-யை மட்டும் குறிவைத்து வந்த லோர்காசெரின் 2012-ல் அனுமதி பெற்றது. புற்றுநோய் சந்தேகத்தால் 2020-ல் அதுவும் போயிற்று.

ஆக, உபதேசம் செய்பவர் விற்பதும் குறுக்குவழி, மாத்திரைக் கடைக்காரர் விற்றதும் குறுக்குவழி. உணவிலும் நடையிலும் கவனம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பசியோடு சாப்பிட உட்காருவதில்லை. அது தெரியாமல் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது அறிவுரை அல்ல, அறியாமை.

வாயைக் கட்ட வேண்டியவர் யார் என்று இப்போது யோசியுங்கள்.