மாமா என்றால் அப்பா

முதல் நாள் காலை, வாசலில் வந்து நின்ற மீசைக்காரரைக் காட்டி அந்த வீட்டுச் சிறுமி "மாமா" என்றாள். தாய்மாமன் போலிருக்கிறது என்று நினைத்து வணக்கம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் அவளுடைய அப்பா. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தேதா என்றால் அம்மா. பூரி என்றால் ரொட்டி. பூரி வேண்டுமா என்று கேட்டார்களே என்று ஆசையோடு உட்கார்ந்தால், மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட நீண்ட ரொட்டி வந்தது.

கிழக்கு ஜார்ஜியாவில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன ககேத்தி வட்டாரம் அது. வெளிநாட்டவரை அழைத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க வைக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2010இல் தொடங்கியது. வந்தவர்களில் பலரை உள்ளூர்க் குடும்பங்களே தங்க வைத்துக்கொண்டன. நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்தேன். வீட்டுக்குத் தலைவி பெபியா, அதாவது பாட்டி.

வந்த அன்று இரவே பாட்டி கார்ச்சோ வைத்தார். அரிசியும் வால்நட்டும் சேர்த்துக் கொதிக்கவிட்ட மாட்டிறைச்சி சூப். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அதைச் சொல்ல மொழி இல்லை, முதல் நாளே வேண்டாம் என்று சொல்லத் தைரியமும் இல்லை. வயிற்றைத் தடவிக் காட்டி முகத்தைச் சுளித்தேன். பாட்டி சூப்பை எடுத்துவிட்டு வெறும் சோறு கொண்டுவந்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாளும் இறைச்சி, மறுநாளும் வயிற்று வலி. ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குக் கஞ்சி போன்ற சோறும் மூலிகைத் தேநீரும்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

பள்ளியில் கதை வேறு. ஜார்ஜிய மொழியில் 'ஃப' ஒலி கிடையாது. 'ஃபிஷ்' என்று நான் சொன்னால் வகுப்பு முழுக்க 'பிஷ்' என்றது. நான்கு முறை திருத்திய பிறகு, கடைசிவரை 'காப்பி' என்றே சொன்ன என் பாட்டியின் நினைவு வந்தது. அத்துடன் விட்டுவிட்டேன். பதிலுக்கு அவர்கள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். தவளை தண்ணீரில் கத்துகிறது என்று அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். தொண்டைக்குள்ளிருந்து வெடித்து வரும் ஒரு ஒலி அதில் ஐந்து முறை வருகிறது. 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி நாம் வெளியாரைப் படுத்துவோமே, அதேதான். நான் சொல்லி முடித்ததும் வகுப்பே விழுந்து சிரித்தது.

அந்த வகுப்பில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த ஒரு மாணவியை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து வந்தேன். எனக்கு வயிற்று வலியே இல்லை, மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதுதான் உண்மை என்று பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஏதோ சொன்னார். அந்தப் பெண் மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் வற்புறுத்திய பிறகு சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உங்கள் வயிற்றுக்காகப் பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றினார்களாம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்று தெரியும், அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். "புதன், வெள்ளியில் நாங்களும் இறைச்சி தொடுவதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் நீண்ட விரதம் இருக்கிறோம். எனக்குப் புரியாது என்று ஏன் நினைத்தாய்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அவரே, "மெழுகுவர்த்தி வீணாகவில்லை, வயிறுதான் சரியாகிவிட்டதே" என்று சிரித்தார்.

மறுநாள் மண்சட்டியில் லோபியோ வந்தது. சிவப்பு அவரைக்கொட்டையை மசிய வேகவைத்து, மல்லித்தழை நிறையப் போட்டிருந்தார். அந்த வாசனையில் எனக்கு வீட்டு நினைவு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் பாட்டி தட்டுகளைக் கழுவ என்னைக் கைகாட்டி அழைத்தார். அதுவரை என்னை ஒரு கரண்டிகூடத் தொட விட்டதில்லை.

விருந்தாளி கடவுள் தந்தவர் என்பது ஜார்ஜியர்களின் நம்பிக்கை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. அந்த வீட்டில் நான் எட்டு நாள் விருந்தாளியாக இருந்தேன். அதற்குப் பிறகு தட்டு கழுவினேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறவர் யாராவது "வயிறு சரியில்லை" என்றால் நான் மருந்து தேடுவதில்லை. "நீங்க என்ன சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.