பணியைப் பிரிக்கலாம், பொறுப்பைப் பிரிக்கலாகாது

சென்ற மழைக்காலத்தில், கூலி வரவான மறுநாள், ஏலப்பாறையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் நம் கிளைக்கு வந்தார். முந்தைய மாலை மளிகைக் கடையில் 1,640 ரூபாய்க்குச் சாமான்கள் வாங்கி, கைபேசி வழியே பணம் செலுத்தியிருக்கிறார். கணக்கில் தொகை கழிந்துவிட்டது; கடைக்காரருக்கு வரவுச் செய்தி வரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவே, இரண்டாம் முறையும் செலுத்திவிட்டார். செயலியின் உதவி எண்ணில் வங்கியைக் கேட்கச் சொன்னார்கள். நாம் செயலியில் புகார் பதியச் சொன்னோம். கடைக்காரர் தம் வங்கியைக் கைகாட்டினார். மறுநாளும் வந்து, "நான் யாரைத்தான் கேட்பது, சார்?" என்று அவர் வினவியபோது நம்மிடம் நேரான விடை இல்லை.

தொகை நான்காம் நாள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்பியது. கிளைக்கு வந்து நின்ற இரண்டு நாள்களின் கூலி திரும்பவில்லை.

விதிப்படி எவரும் தவறு செய்யவில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வணிகருக்குச் செலுத்திய யு.பி.ஐ. தொகைக்கு உறுதிச்செய்தி கிடைக்காவிடில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் அது திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நான்காம் நாளே தொகை வந்துவிட்டதால் ஏட்டில் குறையேதும் இல்லை. எனினும் ஒரு தொழிலாளி அலைக்கழிக்கப்பட்டார். இக்குறை ஊழியரின் அலட்சியத்தால் மட்டும் விளைந்ததன்று. பெரிய நிறுவனங்கள் தம் மென்பொருளை வடிவமைக்கும் முறையிலும் அதன் வேர் இருக்கிறது என்பதே நம் கருத்து.

பேரேடுகள் இருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். காசோலையைப் பெற்ற எழுத்தர் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். பேரேட்டு எழுத்தர் கணக்கில் பற்று எழுதுவார். அதிகாரி கையொப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார். காசாளர் டோக்கன் எண்ணைக் கூவிப் பணம் தருவார். நால்வர் நான்கு பணிகளைச் செய்தாலும் வாடிக்கையாளர் கையில் இருந்தது ஒரே டோக்கன். ஒரே டோக்கனுக்கு இருமுறை பணம் தர இயலாது. ஏதேனும் பிசகினால், நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர்.

இன்று பெருநிறுவனங்களில் பரவியுள்ள 'சேவை சார்ந்த கட்டமைப்பு' என்பதும் அடிப்படையில் இதே வேலைப் பிரிவினைதான். எல்லாவற்றையும் செய்யும் ஒரே பெருநிரலுக்குப் பதிலாக, கணக்கில் பற்று வைக்க ஒன்று, வாடிக்கையாளரை உறுதிசெய்ய ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று எனத் தனித்தனிச் சேவைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வடிவில் கேட்டால் குறிப்பிட்ட வடிவில் விடை தரும். ஒன்றைப் பழுதுபார்க்க மற்றவற்றை நிறுத்தவேண்டியதில்லை. புதிய வசதி ஒன்றைச் சேர்க்க, கோர் பேங்கிங் அமைப்பைக் கலைக்கவேண்டியதும் இல்லை.

இம்முறையின் பயனுக்கு 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ.யே சான்று. ஒருவர் கடையில் பணம் செலுத்தும்போது அவருடைய செயலி, என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியக் கழகத்தின் இணைப்பகம், அவருடைய வங்கி, கடைக்காரரின் வங்கி ஆகியவை சில நொடிகளில் பேசி முடிக்கின்றன. 2025 ஆகஸ்டில் இவ்வழியே ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. ஒரே நிறுவனத்தின் ஒரே நிரலால் இவ்வளவு சுமையைத் தாங்கியிருக்க முடியாது.

ஆனால் பிரித்து வைத்த சேவைகளுக்கு அவற்றிற்கே உரிய நோய்களும் உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யு.பி.ஐ. தடுமாறியது. பரிவர்த்தனை என்னவாயிற்று என்று வினவும் கேள்விகளைச் சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் அதற்குக் காரணமென்று பின்னர் அறியவந்தது. பணம் செலுத்தும் பாதையை விசாரிக்கும் கூட்டமே அடைத்துவிட்டது. இவ்வகை வினவல்களுக்கு அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க இயலாது என்பது அவற்றுள் ஒன்று.

நம் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்நோய் எளிதில் விளங்கும். கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், நிறமாறவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே நடக்கிறது. உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டால், உருட்டும் பகுதி மேலும் மேலும் கொழுந்தைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. அடுத்த கட்டத்தின் நிலையறிந்து தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அங்கே பழக்கத்தில் உள்ள அறிவு. மென்பொருளிலோ அதை வடிவமைப்பவர் எழுதிவைத்தால்தான் உண்டு.

எனவே பெருநிறுவனங்களின் கட்டமைப்பில் மூன்று நெறிகள் கட்டாயமாக வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, உண்மையான விடை. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வராதபோது 'தோல்வி' என்று காட்டுவது பிழை. பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். 'நிலுவையில் உள்ளது, மீண்டும் செலுத்தவேண்டா' என்று வாடிக்கையாளரின் மொழியிலேயே திரை சொல்லவேண்டும். கணக்கியல் பயின்ற நமக்கு இது புதிதன்று. எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துத் தீர்வு காண்கிறோமேயன்றி, அத்தொகை இல்லையென்று எழுதுவதில்லை.

இரண்டாவது, டோக்கன் நெறி. சமிக்ஞை குறைந்த மலைப்பகுதியில் ஒரே கோரிக்கை இருமுறை வந்து சேர்வது இயல்பு. ஒரே எண்ணுடன் வந்தால் ஒருமுறைதான் நிறைவேற்ற வேண்டும். ஒரே கடைக்கு ஒரே தொகை அடுத்த நிமிடமே புதிய எண்ணுடன் செல்லுமானால், நிறுத்தி ஒரு கேள்வியேனும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, ஒரே வாயில். உள்ளே நான்கு நிறுவனங்கள் இருக்கட்டும், நாற்பது சேவைகள் இருக்கட்டும். புகாரை முதலில் கேட்டவரே முடிவு சொல்லும்வரை அதற்கு உரியவராக இருக்கவேண்டும். வங்கி 30 நாள்களுக்குள் தீர்வு தராவிடில் அணுகுவதற்கு, ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தைக் கொண்டுவந்து பல வாயில்களை ஒன்றாக்கியது. இறுதிப் படியில் இயன்ற ஒற்றை வாயில் முதற்படியில் ஏன் இயலாது?

இவற்றால் செலவு கூடும், வேகம் குறையும் என்பார்கள். கூடும்தான். ஆனால் இப்போதும் அச்செலவு இல்லாமல் இல்லை. ஏலப்பாறையில் கொழுந்து பறிப்பவர் தம் கூலியிலிருந்து அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார். நிறுவனத்தின் கணக்கில் வராததனாலேயே ஒரு செலவு இல்லாததாகிவிடாது. பழைய பெருநிரலுக்கே திரும்பலாம் என்ற வாதத்தையும் நாம் ஏற்கவில்லை. அந்நாளில் ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் எல்லாமே நின்றன என்பதை மறந்துவிடலாகாது.

அந்த அம்மையாரின் வினாவுக்குப் பின் நம் கிளையில் சிறு மாற்றம் ஒன்று செய்தோம். பணம் சிக்கிக்கொண்டதென்று வருபவரின் பரிவர்த்தனை எண்ணை நாமே குறித்துக்கொண்டு, புகாரையும் நாமே பதிந்து, முடிவைத் தொலைபேசியில் தெரிவிக்கிறோம். இரண்டாம் முறை அவரை வரச்சொல்வதில்லை. வாசகர்களாகிய தங்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. தொகை கழிந்து, கடைக்காரருக்குச் செய்தி வராவிடில், உடனே மீண்டும் செலுத்தாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

இது கிளையளவிலான ஒட்டுத்தையல்தான் என்பதை அறிவோம். மென்பொருளை வடிவமைப்பவர்கள், தம் வரைபடத்தின் கடைசிக் கட்டத்தில் 'பயனர்' என்று எழுதும்போது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவரை நினைவில் கொள்ளவேண்டும். பணிகளை எத்தனையாகவேனும் பிரிக்கட்டும். அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.