மழலையர் வகுப்புக்கு எந்தப் படிப்பு?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் 'மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி, ஆறே மாதம், வேலை உறுதி' என்ற விளம்பரங்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிடுகின்றன. பணம் கட்டிப் படித்து முடித்த பிறகுதான் பல பெண்கள் விசாரிக்கிறார்கள்: இது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிப்படி, மழலையர் வகுப்பு ஆசிரியருக்குப் பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அதோடு, குழுமம் அங்கீகரித்த நிறுவனத்தில் மழலையர் கல்விப் பட்டயம், இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும், நர்சரி பி.எட். படித்தவர்களும் தகுதி பெறுவார்கள். ஆறு மாதச் சான்றிதழைக் கொண்டு தனியார் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கலாம். ஆனால் இந்தத் தகுதி கிடைக்காது. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறை மதிப்புமிக்கது. பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருப்பதாலேயே ஒரு பயிற்சி நிலையம் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது.

பட்டமே வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனையியல் துறையில் மனித வளர்ச்சி பற்றிய பி.எஸ்சி., குழந்தையை ஆழமாகப் புரிந்துகொள்ள உதவும். மேற்படிப்புக்கும் தொண்டு நிறுவனப் பணிக்கும் வழிவிடும். அது மட்டுமே ஆசிரியர் தகுதி ஆகாது. பிளஸ் டூவுக்குப் பின் நான்கு ஆண்டு படிக்கும் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பில் மூன்று முதல் எட்டு வயதுக்கான பிரிவு தனியாக உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் அந்தப் பிரிவு இல்லை, விசாரித்துச் சேருங்கள்.

"சாதாரண பி.எட். இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கே பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்தத் தனிப் பயிற்சியில் என்னதான் இருக்கிறது? நான்கு வயதுக் குழந்தை பென்சிலைப் பிடிக்கத் திணறினால், பயிற்சி இல்லாதவர் கையைப் பிடித்து 'அ'னா எழுத வைப்பார். பயின்றவர் களிமண் உருட்டவும், மணி கோக்கவும், காகிதம் கிழிக்கவும் விடுவார். விரல் தசைகள் வலுப்பட்டால்தான் எழுத்து வரும் என்பது அவருக்குத் தெரியும். பேச்சு தாமதமாகும் குழந்தையையும் காது மந்தமான குழந்தையையும் அவர்தான் முதலில் பிரித்தறிவார். பெற்றோரைப் பயமுறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புவார். குழந்தையைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதுவதும், அந்தக் குறிப்பைக் கொண்டு மறுநாள் விளையாட்டைத் திட்டமிடுவதும்தான் இந்தப் படிப்பின் உயிர். ஆகவே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவியர் எத்தனை வாரம் உண்மையான குழந்தைகளோடு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாட நூல்களைப் பற்றி விசாரிப்பதைவிட அது முக்கியம்.

இவ்வளவு படித்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் வருத்தம். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் பணியாளர்களுக்கு மத்திய அரசு தருவது இன்றும் மதிப்பூதியம்தான். தமிழக அரசு 2019-இல் அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது நல்ல முடிவு. அந்த வகுப்புகளுக்கு, மழலையர் கல்விப் படிப்பையே தகுதியாக வைத்து, நிரந்தரப் பணியிடங்களையும் முறையான ஊதியத்தையும் அரசு உருவாக்க வேண்டும்.